கண்ணுக்குத் தெரியாத குறையை யார் காண்பது?

பிறந்த குழந்தையைப் பார்க்கச் செல்லும் உறவினர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? கைவிரல்களை எண்ணுகிறார்கள், கால்களை நீட்டிப் பார்க்கிறார்கள், உதடும் அண்ணமும் சரியாக இருக்கின்றனவா என்று நோக்குகிறார்கள். பிறகு, "ஒரு குறையும் இல்லை" என்று மகிழ்கிறார்கள். அவர்கள் பார்க்கக்கூடியது அவ்வளவுதான். ஆனால் ஒரு நாட்டின் நலத்திட்டமும் ஏறத்தாழ அதே அளவில் நின்றுவிடலாமா? இதுவே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

செங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு சிறுவன் இருக்கிறான். கைக்குழந்தையாய் இருந்தபோது அவன் அழுததே இல்லையாம். பால் கொடுத்தால் குடிப்பான். மற்ற நேரமெல்லாம் உறக்கம். "சமத்துப் பிள்ளை" என்று பாட்டி பெருமைப்பட்டார். ஒன்றரை வயதாகியும் நிற்கவில்லை, பேசவில்லை என்ற பிறகே மருத்துவரிடம் காட்டினார்கள். இரத்தச் சோதனையில், பிறவியிலேயே தைராய்டு சுரப்பி சரியாக உருவாகவில்லை என்று தெரிந்தது. அன்றுமுதல் நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை. உயரம் ஓரளவு கூடியது; உடல் தேறியது. ஆனால் மற்றப் பிள்ளைகள் பெருக்கல் வாய்பாடு சொல்லும் வயதில் அவன் பத்துவரை எண்ணத் தடுமாறுகிறான். அவன் தாய் என்னிடம் ஒருநாள் கேட்டார்: "சார், இதே மாத்திரையைப் பிறந்தப்பவே கொடுத்திருந்தா?" விடை எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

குறை எது, காலம் எவ்வளவு?

கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைராய்டு சுரப்பி, தைராக்சின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. உடல் வளர்ச்சிக்கும், குறிப்பாகப் பிறந்த பின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நடைபெறும் மூளை வளர்ச்சிக்கும் இது இன்றியமையாதது. சில குழந்தைகளுக்கு இச்சுரப்பி உருவாவதே இல்லை. சிலருக்கு அது இடம்மாறி, சிறுத்துக் கிடக்கிறது. வேறு சிலருக்குச் சுரப்பி இருந்தும் ஹார்மோன் செய்யும் திறன் இருப்பதில்லை. இதனைப் பிறவித் தைராய்டுக் குறை என்கிறோம்.

கருவில் இருக்கும்வரை தாயின் தைராக்சினில் ஒரு பகுதி குழந்தைக்குக் கிடைக்கிறது. எனவே பிறக்கும்போது குழந்தை நன்றாகவே தோன்றும். இக்குறையுள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரைப் பிறந்த உடனே பார்த்துக் கண்டறிய எந்தத் தேர்ந்த மருத்துவராலும் இயலாது. தாயிடமிருந்து வந்த கையிருப்பு சில நாள்களில் தீர்ந்துவிடும். நீங்காத மஞ்சள்காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தடித்த நாக்கு, புடைத்த தொப்புள் ஆகிய அறிகுறிகள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மெல்லத் தலைகாட்டும். அவை தெளிவாகத் தெரியும்போது மூளையின் இழப்பு நடந்து முடிந்திருக்கும். முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் கொடுக்கத் தொடங்கினால், பெரும்பாலான குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து படிக்கின்றனர். காலம் தாழ்ந்தால் அதே மருந்து உடலை மீட்கும். அறிவை முழுமையாக மீட்காது.

"அயோடின் கலந்த உப்பு உண்டால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். அயோடின் மூலப்பொருளே. ஆலையே இல்லாத இடத்தில் மூலப்பொருளைக் கொட்டிப் பயனில்லை.

ஒரு துளி இரத்தமும் ஒரு தாளும்

நலமாகத் தோன்றும் எல்லாக் குழந்தைகளையும் சோதித்து, மறைந்துள்ள நோயுடைய சிலரைப் பிரித்தெடுப்பதை முன்னறி சோதனை என்னலாம். இதற்கு வழிகாட்டியவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கத்ரி. மூளையைப் பாதிக்கும் ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் கோளாற்றைக் கண்டறிய, 1960களின் தொடக்கத்தில் அவர் ஓர் எளிய முறையை வகுத்தார். குழந்தையின் குதிகாலின் பக்கவாட்டில் குத்தி, வரும் சில துளி இரத்தத்தை வடிதாளில் ஏற்றி உலர்த்த வேண்டும். உலர்ந்த தாளைத் தபாலில் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். குழந்தையோ மருத்துவரோ பயணம் செய்ய வேண்டியதில்லை. தாள் பயணம் செய்கிறது.

அத்தாளில் உள்ள ஹார்மோன் மிக மிக நுண்ணிய அளவினது. அதை அளக்கும் வழியைத் தந்தவர்களில் ஒருவர் ஓர் இயற்பியலார் என்பது என் போன்ற இயற்பியல் ஆசிரியருக்கு மகிழ்ச்சி தருவது. ரோசலின் யாலோ, தம் சக ஆய்வாளர் சாலமன் பெர்சனுடன் சேர்ந்து கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீட்டு முறையை உருவாக்கினார். அதற்காக 1977இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். அதன் தத்துவம் எளியது. ஒரு பேருந்தில் ஐம்பது இருக்கைகளே உள்ளன என்று கொள்வோம். கதிரியக்கக் குறியிட்ட ஹார்மோன்கள் ஒரு கூட்டம். இரத்தத்தில் உள்ள இயற்கை ஹார்மோன்கள் மற்றொரு கூட்டம். இரண்டும் இருக்கைகளுக்குப் போட்டியிடுகின்றன. குறியிட்டவை எத்தனை இடம் பிடித்தன என்று கதிர்வீச்சைக் கொண்டு எண்ணினால், இயற்கை ஹார்மோன் எவ்வளவு இருந்தது என்பது தெரிந்துவிடும். இவ்வகை அளவீட்டை உலர்ந்த இரத்தப் பொட்டில் செய்து, 1970களின் முற்பகுதியில் கனடாவின் கியூபெக்கில் தைராய்டுச் சோதனையைத் தொடங்கிவைத்தார் ழான் துசோ. இன்று கதிரியக்கத்துக்குப் பதில் ஒளிரும் பொருள்களைப் பயன்படுத்தும் கருவிகள் வந்துள்ளன.

இக்காலத்தில் பெரும்பாலும் அளக்கப்படுவது தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்னும் ஹார்மோன். தைராய்டு வேலை செய்யாவிட்டால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி மேலும் மேலும் ஆணையிடுகிறது. அந்த ஆணைதான் டி.எஸ்.எச். அதன் அளவு மிகுந்திருந்தால், ஆணை ஏற்கப்படவில்லை என்று பொருள்.

நம் நாட்டின் எண்கள்

இச்சோதனை நமக்குப் புதியதன்று. 1980இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அப்பாஜி ராவ் முதலியோர் அமினோ அமிலக் கோளாறுகளுக்காகப் பச்சிளம் குழந்தைகளைச் சோதிக்கத் தொடங்கினர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, ஐதராபாத் ஆகிய 5 நகரங்களில் நடத்திய ஆய்வில் 1,04,066 குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். 2018இல் வெளியான முடிவின்படி, 1,130 குழந்தைகளில் ஒருவருக்குப் பிறவித் தைராய்டுக் குறை இருந்தது. சென்னையில் மட்டும் பார்த்தால் 727இல் ஒருவர். மேலைநாடுகளில் பல காலமாகச் சொல்லப்பட்டு வந்த கணக்கு 3,000 முதல் 4,000 பேரில் ஒருவர் என்பது. ஆக, நம் நாட்டில் இக்குறை அரிதன்று.

இந்தியாவில் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கின்றன. 2 கோடியை 1,130ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 17,700 வரும். ஒவ்வோர் ஆண்டும் இத்தனை குழந்தைகள், சில வாரங்களே திறந்திருக்கும் ஒரு கதவின் முன் நிற்கிறார்கள்.

திட்டத்தின் நிறையும் குறையும்

2013இல் நடுவணரசு தொடங்கிய 'ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம்' என்னும் தேசிய சிறார் நலத் திட்டத்தை இனி நோக்குவோம். பிறந்த நாள் முதல் 18 வயது வரை, பிறவிக் குறைகள், சத்துக்குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு வகைகளில், தொடங்கியபோது வகுத்த 30 நிலைகளைக் கண்டறிந்து, இலவச மருத்துவத்துக்கு வழிசெய்வது அதன் நோக்கமாக இருந்தது. பிளந்த உதடு தைக்கப்பட்ட, வளைந்த பாதம் நேராக்கப்பட்ட, இதய அறுவை செய்யப்பட்ட குழந்தைகள் ஏராளம். கண்டுபிடிப்பதோடு நில்லாமல் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் அமைத்து மருத்துவத்தையும் இணைத்தது அதன் பெருஞ்சிறப்பு. இதனை மறைத்துக் குறை மட்டும் கூறுவது நேர்மையாகாது.

ஆயினும் பச்சிளம் குழந்தைகளைப் பொறுத்தவரை அத்திட்டத்தில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, அது கண்ணை நம்புகிறது. பிரசவ அறையில் பணியாளர் குழந்தையை மேலிருந்து கீழ்வரை பார்த்துப் பட்டியலை நிரப்புவதே அடிப்படை முறை. ஆனால் முன்னறி சோதனை என்பதன் பொருளே, பார்த்தால் தெரியாததைக் கண்டறிவது அல்லவா? பிறவிச் செவிட்டுத்தன்மை பட்டியலில் உள்ளது. காதைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நலமான உட்செவி தானே எழுப்பும் மெல்லிய எதிரொலியை 1978இல் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலார் கண்டறிந்தார். அதைப் பதிவுசெய்யும் சிறு கருவியைக் கொண்டே இக்குறையை அறியலாம். கருவி இல்லாத இடத்தில் பட்டியலில் போடும் குறிக்குப் பொருள் என்ன?

இரண்டாவது, அதன் வரிசைமுறை. முப்பது நிலைகளில் முப்பதாவது இடத்தில், அரிவாள் செல் சோகை, தலசீமியா ஆகியவற்றோடு சேர்த்துப் பிறவித் தைராய்டுக் குறை வைக்கப்பட்டது. அதுவும் மாநிலங்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற குறிப்புடன்! அதே பட்டியலில் கழுத்துக்கழலைக்குக் கட்டாய இடம் உண்டு. கழலை கண்ணுக்குத் தெரிகிறது; கைக்குழந்தையின் தைராய்டுக் குறை தெரிவதில்லை. வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. 2013இல் நாடு தழுவிய எண்கள் வெளியாகவில்லை என்று திட்டம் வகுத்தோர் கூறலாம். 2018க்குப் பின் அந்தச் சமாதானம் செல்லாது.

மூன்றாவது, காலக்கணக்கு. நடமாடும் மருத்துவக் குழு 6 வாரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறை பார்க்கும் என்பது ஏற்பாடு. சத்துக்குறைவுக்கும் பல்நோய்க்கும் இது பொருந்தும். இரண்டு வாரத்தில் மூடும் கதவுக்கு, ஆறு வாரத்துக்குப் பின் வருபவர் என்ன செய்ய முடியும்?

சங்கிலியின் கண்ணிகள்

சரி, கருவி வாங்கிவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் இயற்பியல் ஆசிரியனான நான் ஒரு சிறு கணக்கைப் போட விரும்புகிறேன்.

இச்சோதனையில் ஐந்து கண்ணிகள் உள்ளன: இரத்தம் எடுத்தல், தாள் கெடாமல் ஆய்வகம் சேர்தல், முடிவு காலத்தில் வருதல், குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்தல், மருந்து தொடங்குதல். ஒவ்வொரு கண்ணியும் 100க்கு 90 பங்கு சரியாக நடப்பதாகக் கொள்வோம். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் 0.9ஐ ஐந்துமுறை பெருக்கினால் 0.59 வரும். அதாவது குறையுள்ள 100 குழந்தைகளில் 41 பேர் வழியிலேயே தவறிவிடுவர். கருவி ஒரு பிழையும் செய்யவில்லை. ஆயினும் ஐந்தில் இருவர் இழப்பு!

எங்கள் வட்டாரத்தை வைத்தே இக்கண்ணிகளை ஆராய்வோம். பிறந்த உடனே எல்லாக் குழந்தைகளுக்கும் டி.எஸ்.எச். திடீரென ஏறி, இரண்டு மூன்று நாள்களில் இறங்கும். எனவே 48 மணி நேரத்துக்குப் பின் குதிகால் இரத்தம் எடுப்பது நல்லது. தாய் அதற்கு முன்பே வீடு திரும்பினால்? தொப்புள்கொடி இரத்தத்தை எடுக்கலாம். எதைத் தேர்ந்தாலும் அதற்கேற்ற எல்லைக்கோட்டை வகுக்க வேண்டும். எல்லையைத் தாழ்த்தினால் நலமுள்ள பல குழந்தைகளை வீணே திரும்ப அழைக்க நேரும். உயர்த்தினால் நோயுள்ள ஒருவர் தப்பிவிடுவார்.

அடுத்து, தாளை நிழலில் கிடைமட்டமாக வைத்துச் சில மணி நேரம் உலர்த்த வேண்டும். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் எங்கள் ஊர்வரை வீசும்போது, கொடியில் போட்ட துண்டு இரண்டு நாளாகியும் காய்வதில்லை. ஈரம் பட்ட பொட்டு கெட்டுவிடும். டில்லியில் எழுதும் விதி இங்கே பொருந்த, ஈரமுறிஞ்சிப் பொட்டலமும் காற்றுப்புகாத உறையும் தேவை. சில ரூபாய்ச் செலவுதான். ஆனால் யாராவது அதை நினைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது நான்காவது கண்ணி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். புனலூரில் வாழ்க்கைப்பட்ட பெண் செங்கோட்டைக்கு வருகிறாள். திருப்பூரில் குடியிருப்பவள் கடையநல்லூருக்கு வருகிறாள். அட்டையில் இருப்பது கணவன் வீட்டு முகவரி. குழந்தை இருப்பது பாட்டி வீட்டில். கொடுத்த கைப்பேசி எண்ணோ வெளியூரில் வேலைசெய்யும் தகப்பனுடையது. "குழந்தையை உடனே அழைத்து வாருங்கள்" என்ற செய்தி மூன்று வாரம் அலையலாம். நலமாகத் தோன்றும் பிள்ளையை ஏன் மறுபடி ஊசி குத்த அழைக்கிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதும் இயற்கையே. முன்கூட்டியே ஒரு செவிலியர் இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் அத்தயக்கம் இராது.

இதற்கான கருவி தமிழ்நாட்டில் முன்பே இருக்கிறது. ஒவ்வொரு கருவுற்ற தாய்க்கும் 'பிக்மி' எண் வழங்கப்படுகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அவ்வெண் வேண்டும். இரத்தத் தாளில் அந்த எண்ணையும், அடுத்த ஒரு மாதம் தாய் தங்கப்போகும் வீட்டையும் குறித்துவிட்டால், அப்பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியர் நேரே சென்று கதவைத் தட்டலாம்.

பிறர் காட்டும் பாடம்

2008இல் கோவா மாநிலம் நாற்பதுக்கும் மேற்பட்ட கோளாறுகளுக்கான சோதனையைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. நீண்ட பட்டியல் கண்ணைக் கவரும். ஆனால் 1968இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் வகுத்த நெறிகளை நாம் மறக்கலாகாது: நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், ஏற்கத்தக்க சோதனையும் மருத்துவமும் இருக்க வேண்டும், கண்டுபிடிப்பு ஒருமுறை வேலையாக இல்லாமல் தொடர்பணியாக இருக்க வேண்டும். ஃபீனைல்கீட்டோன்யூரியா நம் நாட்டில் அரிது. அதற்கான தனி உணவோ விலைமிக்கது. மேலைநாட்டுப் பட்டியலை அப்படியே படியெடுப்பதைவிட, மிகுதியாய்க் காணப்படுவதும் மலிவான மாத்திரையால் தீர்வதுமான ஒன்றை முதலில் செம்மையாகச் செய்வதே அறிவுடைமை.

அப்படிச் செய்த வளரும் நாடு ஒன்று உண்டு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பிலிப்பைன்ஸ், 1996இல் 24 மருத்துவமனைகளில் ஒருசில நோய்களோடு தொடங்கியது. 2004இல் அதனைச் சட்டமாக்கியது. சோதனையைப் பற்றிப் பெற்றோருக்கு முன்கூட்டியே எடுத்துரைக்கும் கடமையை அச்சட்டம் மருத்துவப் பணியாளர்மேல் வைத்தது. கடல் கடந்து தாள் போய்ச்சேரும் என்றால், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலிருந்து போய்ச்சேராதா?

அவ்வளவு தொலைவு போவானேன்? ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் கேரள அரசு 2010களின் முற்பகுதியிலேயே தன் மருத்துவமனைகளில் பிறவித் தைராய்டுக் குறை உள்ளிட்ட நான்கு கோளாறுகளுக்கு இலவசச் சோதனையைத் தொடங்கியது. 1956வரை செங்கோட்டையும் அப்பக்கத்தோடு ஒரே ஆட்சியில் இருந்த ஊர்தான். மலைக்கு எந்தப் பக்கம் பிறந்தது என்பது ஒரு குழந்தையின் அறிவைத் தீர்மானிக்கக் கூடாது. ஒரு சோதனை மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்படும்போது நேரக்கூடிய அநீதி இதுவே.

"முதலில் உயிர், பிறகு அறிவு" என்பார்க்கு

ஏழை நாட்டுக்கு இது ஆடம்பரம் என்றும், எடைகுறைவாலும் தொற்றுநோயாலும் குழந்தைகள் இறக்கும்போது ஆயிரத்தில் ஒருவரைத் தேடுவானேன் என்றும் சிலர் வாதிடுவர். ஆயிரத்துக்கு நூறு குழந்தைகள் இறந்த காலத்தில் இவ்வாதம் நியாயமானது. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 13ஆகக் குறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே 100க்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. குழந்தை நம் கைக்கு வந்துவிட்டது. குதிகாலில் ஒரு துளி எடுப்பதுதான் பாக்கி. செலவைக் கணக்கிடுவோர், மறுபக்கக் கணக்கையும் எழுத வேண்டும்: வாழ்நாள் முழுதும் பிறர் துணையோடு வாழும் ஒரு மனிதர், அவருக்காகவே வேலையை விட்ட ஒரு தாய்.

எனவே திட்டத்தைக் கைவிடுக என்பது என் கருத்தன்று. அதனை நிறைவுசெய்க என்பதே. பிறவித் தைராய்டுக் குறையை முப்பதாவது இடத்திலிருந்து முதல் வரிசைக்குக் கொணர்க. விருப்பம் என்பதைக் கட்டாயம் ஆக்குக. எத்தனை தாள்கள் சோதிக்கப்பட்டன என்பதோடு, எத்தனை குழந்தைகள் 14 நாள்களுக்குள் மாத்திரை பெற்றனர் என்பதையும் மாவட்டந்தோறும் வெளியிடுக. அந்த ஓர் எண் ஐந்து கண்ணிகளின் வலிமையையும் காட்டிவிடும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பிரசவம் எதிர்நோக்கப்பட்டால், மருத்துவமனையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "குழந்தைக்குத் தைராய்டுச் சோதனை உண்டா? முடிவு எப்போது வரும், யாரிடம் கேட்பது?" இல்லை என்றால், அரசு மருத்துவமனையோ தனியார் ஆய்வகமோ, எங்கே செய்யலாம் என்று குழந்தை மருத்துவரைக் கேட்டு, முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். சமத்தாக உறங்கும் பிள்ளையைக் கண்டு மகிழுங்கள். ஆனால் அந்த உறக்கத்தை ஒருமுறை சோதித்தபின் மகிழுங்கள்.